‘நீ பாட வேண்டாம், வாயை மட்டும் அசை!’ - ஸ்கூல் பாட்டுக் குழுவில் பிள்ளைகளைத் தக்கவைப்பது எப்படி?

ஆண்டு விழா ரிகர்சல். 40 பேர் வரிசையாக நிற்கிறார்கள். பாட்டு டீச்சர் ஒவ்வொரு வரிசையாகக் காது கொடுத்துக்கொண்டே வருகிறார். ஒரு பையன் முன்னால் நின்று, ‘‘நீ பாட வேண்டாம்பா, வாயை மட்டும் அசை’’ என்கிறார்.

இந்த ஒரு வரியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். ஆபீஸில் கேக் வெட்டும்போதுகூட பாடாமல் கை மட்டும் தட்டுவார்களே, அவர்களில் பலர் இந்த கேஸ்தான். ‘எனக்குப் பாட வராது’ என்று அவர்களாகக் கண்டுபிடிக்கவில்லை. யாரோ சொன்னதை நம்பிவிட்டார்கள்.

சரி, பிள்ளைகள் விரும்பி வந்து, கடைசிவரை நின்று பாடும் குழுவை உருவாக்க முடியுமா? முடியும். ஒரு அரசுப் பள்ளி செய்து காட்டியிருக்கிறது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், ஆஸ்கர் மேடை

நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் இருக்கிறது பி.எஸ். 22 என்ற தொடக்கப் பள்ளி. அங்கே இசை ஆசிரியர் கிரெக் பிரைன்பெர்க் 2000-ல் ஒரு பாட்டுக் குழுவைத் தொடங்கினார். எல்லோரும் ஐந்தாம் வகுப்பு. அதாவது, இந்த வருடம் தயார் செய்த குழு அடுத்த வருடம் இருக்காது. ஒவ்வொரு ஆண்டும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவர் செய்தது ரொம்ப சிம்பிள். டோரி ஏமஸ், கோல்ட்ப்ளே என்று பெரியவர்கள் கேட்கும் பாப், ராக் பாடல்களையே பிள்ளைகளிடம் கொடுத்தார். பாடும்போது விறைப்பாக நிற்கச் சொல்லவில்லை. முகத்தில் பாவம் வரலாம், கைகள் பேசலாம், உடம்பு ஆடலாம். பள்ளியில் பாடுவதை அப்படியே வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார். கோடிக்கணக்கான பார்வைகள் குவிந்தன. 2011 ஆஸ்கர் விழாவின் நிறைவுப் பாடலைப் பாடியது இந்தக் குழுதான்.

ஆஸ்கர் எல்லோருக்கும் வராது. ஆனால், அந்த வீடியோ ஐடியாவில் நமக்குப் பாடம் இருக்கிறது. வழக்கமான பள்ளியில் ஆண்டு விழா அன்று ஒரு முறைதான் கைதட்டல். அதுவரை மாதக்கணக்கில் ரிகர்சல் மட்டும். பாடியதை அவ்வப்போது கேட்கவும், பார்க்கவும், வீட்டில் காட்டவும் வழி இருந்தால், அடுத்த ரிகர்சலுக்கு வர ஒரு காரணம் கிடைக்கிறது. (பிள்ளைகளின் முகம் இணையத்தில் வருவதற்குப் பெற்றோர் அனுமதி அவசியம். பள்ளிக்குள் மட்டும் போட்டுக் காட்டினாலே போதும்.)

சேர்ந்து பாடினால் என்ன ஆகிறது?

பாடும்போது நீளமான வரிக்கு மூச்சை மெதுவாக வெளியே விடுகிறோம். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்று நிதானமாகும். ஒரே பாட்டு என்றால் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குவார்கள். ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 வயது மாணவர்களைப் பாடவைத்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் ஒன்றோடொன்று ஒத்துப்போனது தெரிந்தது.

2015-ல் வெளியான ஆக்ஸ்போர்டு ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு எனப் புதிதாகச் சேர்ந்த பெரியவர்களை ஏழு மாதம் கவனித்தார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் வந்துவிட்டது. ஆனால், பாட்டு வகுப்பில்தான் அது சீக்கிரம் வந்தது. ஸ்கூல் மாறி வந்த பிள்ளைக்கும், வாயே திறக்காத பிள்ளைக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

பையன்கள் ஏன் பாதியில் கழன்றுகொள்கிறார்கள்?

பதின்பருவத்தில் குரல்வளை வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பையன்களின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. நேற்று எட்டிய சுரம் இன்று எட்டாது. நடுவில் குரல் கீச்சென்று உடையும், பக்கத்தில் நிற்பவன் சிரிப்பான். மறுநாள் அவன் ரிகர்சலுக்கு வரமாட்டான். பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும். ஆனால் மாற்றம் குறைவு என்பதால் வெளியே அவ்வளவாகத் தெரியாது.

‘குரல் சரியான பிறகு வா’ என்று அனுப்பினால் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. இதற்கு இர்வின் கூப்பர், ஜான் குக்ஸி போன்ற அமெரிக்க இசைக் கல்வியாளர்கள் வேறு வழி காட்டினார்கள். அவனை நிறுத்தாதீர்கள், அவன் குரல் இப்போது எட்டும் சில சுரங்களுக்குள் அவனுக்கென்று ஒரு பகுதியைக் கொடுங்கள். கூடவே, ‘இது எல்லோருக்கும் நடக்கும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி கூச்சம் போய்விடும்.

நம்ம ஊரில் ஒரு முன்னோடி

நம் பள்ளிகளில் எல்லோரும் ஒரே சுருதியில் ஒரே மெட்டைப் பாடுவதுதான் வழக்கம். அந்த சுருதி எட்டாத பிள்ளைக்கு அங்கே இடம் இல்லை. ‘வாயை மட்டும் அசை’ என்பது இங்கிருந்துதான் வருகிறது. பல குரல்கள் வெவ்வேறு சுரங்களை ஒரே நேரத்தில் பாடும் சேர்ந்திசையில் கனமான குரலுக்கும் வேலை உண்டு.

மலையாளத் திரையிசையில் புகழ்பெற்ற எம்.பி.சீனிவாசன் இதைச் சென்னையில் செய்து காட்டினார். அவர் உருவாக்கிய மெட்ராஸ் யூத் கொயர், பாரதியின் பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல் இசையாகப் பாடியது. பெரிய பெரிய கூட்டங்களையும், பள்ளிப் பிள்ளைகளையும் ஒன்றாகப் பாடவைத்தவர் அவர். 1988-ல் மறைந்தார்.

நாளைக்கே என்ன செய்யலாம்?

* மூன்று பாட்டில் ஒன்றைப் பிள்ளைகளே தேர்வு செய்யட்டும்.
* சுருதியைப் பிள்ளைகளின் குரலுக்கு ஏற்ப வையுங்கள்.
* சுருதி சேராத பிள்ளையை நன்றாகப் பாடும் பிள்ளை பக்கத்தில் நிறுத்துங்கள். கேட்டுக் கேட்டுத்தான் சுருதி வரும்.
* வாரம் ஒரு முறை பாடியதைப் பதிவு செய்து போட்டுக் காட்டுங்கள்.

பிறவியிலேயே சுருதி பிரித்தறிய முடியாதவர்கள் மிகச் சிலர். மற்ற பெரும்பாலானவர்களுக்குத் தேவை பழக்கம்தான். வாயை மட்டும் அசைத்தால் அந்தப் பழக்கம் எப்படி வரும்?