சக்கையில் ஓடிய கோச்சியும் காசு கொடுத்துப் பார்த்தவர்களும்

பத்திக் சாரம் கொள்முதல் செய்ய ஜாவாவின் பெக்காலோங்கான் நகருக்குப் போகும் நம்மவர்கள், மேற்கே சிறிது தூரத்திலுள்ள பெமாலாங் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. 2006 ஆகஸ்டில் எனது சரக்கு ஒரு நாள் தாமதித்தது. சும்மா இருந்த என்னை, தங்குமிடத்தில் அறிமுகமான இரு ஜேர்மனியர் சும்பர்ஹார்ஜோ சீனி ஆலைக்குக் கூட்டிச் சென்றார்கள். பழைய நீராவிக் கோச்சி பார்க்கவென்றே விமானம் ஏறி வந்தவர்கள்! காசைக் கரியாக்குகிறார்களே என்றுதான் நினைத்தேன்.

1930 அளவில் ஜாவாவில் 179 சீனி ஆலைகள் இயங்கின. ஏற்றுமதியில் கியூபாவுக்கு அடுத்த இடம். கரும்பு இழுக்க டச்சு முதலாளிமார் வாங்கிப்போட்ட எஞ்சின்களில் பெரும்பாலானவை ஜேர்மனியில் செய்தவை. பேர்லின் ஓரென்ஸ்டைன் அன்ட் கொப்பெல் கம்பனியின் பெயரை எங்கும் காணலாம். பிறகு வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் சீனி விலை விழுந்தது, ஆலைகள் மூடப்பட்டன. எஞ்சின்கள் மட்டும் தப்பிப் பிழைத்தன.

காரணம் எரிபொருள். கரும்பைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையைக் கட்டாகக் கட்டி எஞ்சினில் எரித்தார்கள். ஆலைக்கு அது கழிவு, காசில்லை. ஆனால் இலவசத்திலும் செலவு உண்டு. சக்கை வைக்கோல் போல நொடியில் எரிந்துவிடும். ஆட்கள் ஓயாமல் திணிக்க வேண்டும். தீப்பொறி காய்ந்த வயல் பக்கம் பறக்கும். உதிரிப்பாகம் கடையில் கிடையாது, ஆலைப் பட்டறையிலேயே அடித்துச் செய்ய வேண்டும்.

1975இல் அரசு கொண்டுவந்த திட்டத்தால் கரும்புச் செய்கை ஆலையின் கையிலிருந்து விவசாயிகளின் கைக்கு மாறியது. தண்டவாளம் போகாத வயலுக்கும் லொறி போகும். வழியில் பெட்டியிலிருந்து கரும்பை உருவும் சிறுவர்களின் தொல்லையும் அதில் குறைவு. வெறும் கணக்குப் பார்த்தால் கோச்சி தோற்றுவிட்டது.

இங்கேதான் அந்த ஜேர்மனியர் வருகிறார்கள். உள்ளே போக அனுமதிப் பணம், தனியாக ஓட்டிக் காட்ட வேறு பணம். கியூபா 2002இல் தனது 156 ஆலைகளில் ஏறத்தாழப் பாதியை மூடத் தீர்மானித்தபின், இவர்களுக்கு ஜாவாவின் மதிப்பு இன்னும் கூடியது. ஆனால் அவர்கள் கேட்டது குளிர்ந்த இரும்பை அல்ல. அது அவர்கள் நாட்டு நூதனசாலைகளிலேயே இருக்கிறது. மே, ஜூனில் தொடங்கும் அரைவைக் காலத்தில், கரும்போடு, புகையோடு, வேலையிலிருக்கும் எஞ்சின் வேண்டும். அதாவது ஆலை நின்றால் இந்த வருமானமும் நிற்கும்.

படம் எடுப்பதற்காக ஒரே வளைவில் மூன்று தடவை கோச்சியைப் பின்னுக்கு எடுத்து ஓட்டச் சொன்னார்கள். வெட்டிய கரும்பு காத்திருக்கக் காத்திருக்கச் சீனி குறையும். மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தார். நான்காவது தடவைக்குத் தலையசைக்கவில்லை. சரியான வியாபாரி என்று எண்ணிக்கொண்டேன்.

சோலோ நகருக்கருகே நான்காம் மங்குநகரா மன்னர் 1861இல் நிறுவிய கொலொமாடு ஆலை, மூடிக்கிடந்து 2018இல் நூதனசாலையும் மண்டபமுமாகத் திறக்கப்பட்டது. இராட்சத இயந்திரங்களைத் துடைத்து நிறுத்தியிருக்கிறார்கள். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் அந்த இரு ஜேர்மனியரும் அதற்காக விமானம் ஏறியிருக்கமாட்டார்கள்.

அன்று மாலை பெக்காலோங்கான் திரும்பியபோது என் வெள்ளைச் சட்டை முழுக்கச் சாம்பல். சாரக் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துச் சிரித்துவிட்டு, விலையில் ஒரு சதமும் குறைக்கவில்லை.