21 கியரா, 12 கியரா?

சைக்கிள் கடை வாசலில் நிற்கும் கியர் சைக்கிள்களில் 21 என்ற எண்ணைக் கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அதைப் போல நாலைந்து மடங்கு விலை சொல்லும் புது மலைச் சைக்கிளில் இருப்பதோ 12 கியர்தான். காசு கூடக் கூட கியர் குறைகிறதே என்று பிள்ளையைக் கூட்டி வந்த அப்பா முழிப்பது நியாயம். இதற்குப் பதில் விளம்பரத்தில் கிடைக்காது; மலையில்தான் கிடைக்கும்.

தேவாரம் என்ற ஊருக்கு மேற்கே எழும் மலையின் மேலே ஏலத் தோட்டங்கள். ஊரிலிருந்து சாக்குலூத்து மெட்டுக்கு நேராக ஏறுவது நடைபாதை. அங்கே ரோடு வேண்டுமென்பது நெடுநாள் கோரிக்கை. சக்கரத்தில் ஏற நினைப்பவர் போடிக்குப் போய், முந்தலில் தொடங்கும் மலைச்சாலையைப் பிடிக்கலாம். போடிமெட்டு வரை சுமார் 20 கி.மீ., 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம். சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயர்கிறது. வளைவின் உள்ஓரத்தில் அதைவிடச் செங்குத்து.

ஓரளவு பழகியவர் இந்த ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. போகலாம். நிமிடத்துக்கு 133 மீட்டர். தாத்தா காலத்துக் கனத்த சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்றுச் சுற்ற வண்டி 5.4 மீட்டர் நகரும். அப்படியானால் நிமிடத்துக்கு 25 சுற்றுதான். வளைவுகளில் உடம்பு எடை முழுவதையும் பெடலில் இறக்கினால்தான் அந்தச் சுற்றும் நடக்கும். நாலாவது வளைவுக்குள் இறங்கித் தள்ள வேண்டியதுதான். 21 கியர் சைக்கிளில் முன்பக்கப் பல்சக்கரங்களில் சிறியது 24 பல், பின்னால் பெரியது 28. இருபத்தாறு அங்குலச் சக்கரத்தில் சுற்றுக்கு 1.76 மீட்டர், அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 76 சுற்று. கால் நோகாமல் சுழலும்.

கலிபோர்னியாவின் டமல்பாய்ஸ் மலையில் 1970-களில் பழைய ஒற்றை கியர் வண்டிகளில் சரிவிறங்கி விளையாடியவர்களுக்கும் இதே பாடு: இறங்குவது ஜோர், ஏறுவதற்குத் தள்ளல் அல்லது லாரி. அதனால்தான் கியர் மாட்டினார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் விற்பனைக்கு விட்ட ஸ்டம்ப்ஜம்பர் மலைச் சைக்கிளில் முன்னால் மூன்று, பின்னால் ஐந்து, ஆக 15. பின்னால் பல்சக்கரம் கூடக் கூட 21, 24, 27 என்று எண் ஏறியது.

எல்லாம் பெருக்கல் கணக்கு. இங்கேதான் கொஞ்சம் ஏமாற்றும் இருக்கிறது. வழக்கமான 21 கியர் வண்டியில் முன்னால் 42, 34, 24. பின்னால் 14 முதல் 28 வரை ஏழு. 42-ஐ 28-ஆல் வகுத்தால் ஒன்றரை. 24-ஐ 16-ஆல் வகுத்தாலும் ஒன்றரை. இரண்டு கியர், ஒரே வேலை. இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுபவற்றையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பவற்றையும் கழித்தால் மிஞ்சுவது பன்னிரண்டு போலத்தான்.

அதைவிடப் பெரிய தொல்லை முன்பக்கத்தில். செயினின் மேல்பகுதிதான் நம் மிதியின் இழுவையைத் தாங்கி விறைத்திருப்பது, கீழ்ப்பகுதி தளர்ந்தது. பின்பக்க கியர் மாற்றி தளர்ந்த செயினைத் தள்ளுகிறது, அதனால் எளிதாக மாறுகிறது. முன்பக்க மாற்றியோ விறைத்த செயினோடு மல்லுக்கட்ட வேண்டும். வளைவில் திணறும்போது அவசரமாக 24-க்கு இறக்கினால் செயின் கழன்று கீழே விழும். மிதியைத் தளர்த்தி, வளைவு வருவதற்கு முன்பே மாற்றத் தெரிய வேண்டும். பழகினவருக்கு இது வித்தை. புதியவருக்குக் கையெல்லாம் கிரீஸ்.

2012-ல் ஸ்ராம் நிறுவனம் முன்பக்க மாற்றியையே எடுத்துவிட்டது. முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 10 பல்லில் தொடங்கி 42 வரை பதினொன்று. 2016-ல் அது 10–50 ஆகிப் பன்னிரண்டானது. 2018-ல் ஷிமானோவின் எக்ஸ்.டி.ஆர். 51 பல் வரை போனது. செயினில் அகலமும் குறுகலுமாக இடைவெளிகள் மாறி மாறி வரும் அல்லவா? முன்பக்கப் பல்சக்கரத்தின் பற்களையும் அதற்கேற்பத் தடித்தும் மெலிந்தும் வெட்டினார்கள். பின்பக்க மாற்றியின் கையில் செயினைத் தளரவிடாத கிளட்ச் வந்தது. கல் பாதையில் குதித்தாலும் செயின் விழுவது அரிது.

ஆனால் புதியது என்பதற்காக ஏற்றத்தில் அதிகம் உதவும் என்று நினைக்க வேண்டாம். பழைய 27 கியரில் 22-க்கு 34 போட்டால் இருபத்தாறு அங்குலச் சக்கரத்தில் சுற்றுக்கு 1.33 மீட்டர். புதியதில் 32-க்கு 51 போட்டாலும், சக்கரம் 29 அங்குலமாகிவிட்டதால் 1.44 மீட்டர். பழையதுதான் இன்னும் லேசு! மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் உள்ள வீச்சும் பழையதில் ஆறு மடங்குக்கு மேல், புதியதில் ஐந்து சொச்சம். புதியது வென்றது லேசாக மிதிப்பதில் அல்ல, யோசிக்காமல் மிதிப்பதில்.

அதற்கு விலையும் உண்டு. ஒரு 12 கியர் கேசட்டின், அதாவது பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியின், விலைக்குச் சாதாரண சைக்கிளே வாங்கிவிடலாம். சிறிய ஊர்க் கடைகளில் அது கிடைப்பதும் அரிது. 21 கியர் வண்டியின் ஏழு பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீலோ எங்கும் கிடைக்கும்.

ஆகவே கரடுமுரடான எஸ்டேட் பாதையில் ஓட்டுபவர் காசிருந்தால் 12 கியர் வாங்கட்டும். போடிமெட்டுத் தார்ச்சாலைக்கு மட்டுமென்றால் கையிலிருக்கும் 21 கியரே போதும். கடைக்காரரிடம் பின்பக்க மாற்றி 34 பல் வரை தாங்குமா என்று கேளுங்கள். தாங்கும் என்றால் 14–28 ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 14–34 போடச் சொல்லுங்கள். செயின் நீளத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். சுற்றுக்கு 1.45 மீட்டர் வரும். புது மலைச் சைக்கிளின் கடைசி கியரும் ஏறக்குறைய அதேதான்.