நித்யகல்யாணி கஷாயம் குடித்தால் கேன்சர் போகுமா?

'நித்யகல்யாணி இலையைக் கொதிக்க வச்சுக் குடிச்சா கேன்சர் போயிடும்' – இப்படி ஒரு ஃபார்வர்டு உங்க ஃபேமிலி குரூப்பிலும் வந்திருக்கலாம். இதுல பாதி உண்மை இருக்கு. ஆபத்தும் அங்கேதான்.

உண்மை என்ன?

1950-களில் கனடாவைச் சேர்ந்த ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் இந்தச் செடி சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்த வெள்ளையணுக்கள் குறைந்தன. அப்படிக் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின். இதே செடி தந்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் முக்கிய மருந்து. செல் இரண்டாகப் பிரியத் தேவையான நுண்குழாய்களை உருவாக விடாமல் இரண்டும் தடுக்கின்றன.

அப்போ கஷாயமே போதாதா?

போதாது. 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கவே சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேணும். மருத்துவமனையில் இந்த மருந்துகளை மில்லிகிராம் கணக்கில், ரத்தக்குழாய் வழியாகத்தான் ஏற்றுவார்கள். அளவு கூடினால் நரம்புகளோ எலும்பு மஜ்ஜையோ பாதிக்கப்படும். வீட்டுக் கஷாயத்தில் எவ்வளவு மருந்து, எவ்வளவு நச்சுன்னு யார் அளந்து சொல்வது?

நீங்க என்ன செய்யணும்?

வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கிட்டு இருந்தா, ஃபார்வர்டை நம்பி அடுத்த டோஸைத் தள்ளிப்போட விடாதீங்க. ஏற்கனவே கஷாயம் குடிக்கிறாங்களா? திட்டாதீங்க, டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லுங்க. அவங்களுக்கு ஏறுற டிரிப்ஸிலேயே அந்தச் செடியின் மருந்து இருக்கலாம்.