ஆய்வுகூடமும் ஆக்கவுரிமைச் சட்டமும்

விஞ்ஞானம் பயின்றோர்க்குரிய தொழில் யாதென வினவின் வைத்தியம், பொறியியல், ஆசிரியம் என்பனவே நம் மாணவர் நாவில் வரும். சட்டத்தைக் கூறுவார் அரியர். கூறினும், கற்ற விஞ்ஞானத்தைக் கைவிட்டவரென அவரைக் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாதென்பதை ஆக்கவுரிமைச் சட்டத்துறை காட்டும்.

ஆக்கவுரிமையாவது, புதுப்புனைவொன்றைக் கண்டவர் அதன் இயல்பை மறையாது வெளியிட, அதற்கீடாக அரசு குறித்த காலத்துக்கு அவர்க்கு அளிக்கும் தனியுரிமை. இக்காலம் பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அவ்வாறே விதிக்கின்றது. விண்ணப்பத்தின் உயிர்நிலை உரிமைக் கோரிக்கை எனும் பகுதி. அதனை மிக விரித்தெழுதின் முன்னோர் கண்டவற்றோடு மோதி வீழும். மிகச் சுருக்கின் அயலான் சிறிது மாற்றி அப்பொருளையே செய்துகொள்வான். இவ்விரண்டிற்குமிடையே வரம்பு கட்டுதற்குச் சட்டமொழி மாத்திரம் போதாது. புனைவு தொழிற்படுமாற்றையும் உள்ளவாறு உணர்தல் வேண்டும். ஆதலினன்றோ ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கவுரிமை அலுவலகத்தின்முன் பிறர்க்காகத் தோன்றுவோர் விஞ்ஞானத் தகைமை காட்டித் தனிப் பரீட்சையிலும் சித்தியெய்தல்வேண்டும் என்றனர்.

இத்துறையென்றதும் ஐன்ஸ்ரைனை நினைப்பர் பலர். அவர் 1902 முதல் 1909 வரை பேர்ண் நகரில் விண்ணப்பங்களை ஆராய்ந்த உத்தியோகத்தர், சட்டத்தரணியல்லர். எம் பொருளுக்கு ஏற்றவர் செஸ்ரர் கார்ல்சன்.

1930 இற் கலிபோர்ணியாவிற் பௌதிகப் பட்டம் பெற்ற இவர், தொழிலரிதாயிருந்த அந்நாளிற் பெல் ஆய்வுகூடத்தில் அமர்ந்து, பின்னர் அதன் ஆக்கவுரிமைப் பகுதிக்கு மாறினார். 1933 இல் அவ்வேலையும் போயிற்று. வேறொரு கம்பெனியில் அதே பணியைச் செய்துகொண்டு 1936 முதல் நியூயோர்க்கில் இரவு வகுப்பிற் சட்டம் பயின்றார். நூல் வாங்கப் பொருளின்மையால் நூல்நிலையத்திலிருந்து பக்கம் பக்கமாகக் கையாற் பெயர்த்தெழுதினார். (இரவல் நூல்களைப் பெயர்த்தெழுதியே வெளிவாரிப் பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்த எமக்கு அக்கைநோவு புதிதன்று.) அலுவலகத்திலும் விவரணங்களுக்கும் வரைபடங்களுக்கும் பிரதி போதாத குறை. இவ்விரு தொல்லையுமே அவரை மீண்டும் பௌதிகத்திற்கு இட்டுச்சென்றன.

1938 ஒக்டோபர் 22 ஆம் நாள், கந்தகம் பூசிய நாகத்தகட்டைத் துணியாலுரைத்து மின்னேற்றி, எழுத்துள்ள கண்ணாடியூடாக ஒளி பாய்ச்சினார். ஒளிபட்ட இடத்தில் மின்னேற்றம் நீங்கியது. எழுத்தின் நிழல் வீழ்ந்த இடத்தில் நின்றது. தூவிய தூள் அங்கே ஒட்டியது. அதனை மெழுகுத்தாளிற் பதித்தெடுத்தார். நீர்மமெதுவுமின்றிப் பிரதி பிறந்தது.

இங்கே சட்டங் கைகொடுத்தது. தம் புனைவைக் கந்தகத்தோடு அவர் கட்டிவிடவில்லை. ஒளிபட்டால் மின்கடத்தும் காவலிப்படை எனப் பொதுப்பட வரம்பிட்டார். பின்னாளிற் கந்தகத்தினுஞ் சிறந்ததாய்ச் செலீனியம் வந்தபோதும் அவ்வுரிமை தளரவில்லை. வெறும் பௌதிகராயிருப்பின் தாம் செய்துகண்டதை மாத்திரமே எழுதியிருப்பார் என்பது எம் துணிபு.

கம்பெனிகள் இருபதுக்குமேல் அவரை ஏற்கவில்லை. 1944 இலேயே பற்றெல் நிறுவனம் கைகொடுத்தது. அடிப்படை ஆக்கவுரிமை கிடைத்தது 1942 ஒக்டோபரில். அந்நாள் அமெரிக்க விதிப்படி அது 17 ஆண்டே செல்லும். செறொக்ஸ் 914 எனும் பொறி வெளியானதோ 1959 செப்ரெம்பரில். அடுத்த மாதம் மூலவுரிமை முடிந்தது; அதன்பின் அக்கம்பெனியைக் காத்தவை இடையிற் பெற்ற திருத்தங்களுக்கான ஆக்கவுரிமைகளே.