வீட்டில் உள்ள பழந்தாள்கள்

வீரசோழன் பக்கத்து வீடுகளில் பழந்தாள் என்று கேட்டால், பெரியவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது நிலத்தின் கிரயப் பத்திரத்தைத்தான். அதற்குத் தகரப் பெட்டியும் பூட்டும் உண்டு. பாட்டனார் எழுதிய கடிதங்களோ பரணில் சணற்கயிற்றால் கட்டுண்டு கிடக்கும். மாணவ நண்பர்களே, இந்த வரிசை தலைகீழானது என்பது என் எண்ணம். மூலப் பத்திரத்தைக் காப்பாற்ற வேண்டியதுதான். ஆயினும் பதிவு செய்யப்பெற்ற பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து நகல் பெறலாம். கடிதத்துக்கு உலகில் எங்கும் இரண்டாம் படி கிடையாது.

பிறர் கழித்துப் போடும் தாளின் அருமையை அறிந்தவர் செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா. பழம்புத்தகங்களோடு நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள் முதலியவற்றையும் அவர் திரட்டி வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிற்று. 1994-ல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

தாள் ஏன் கெடுகிறது? 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியக் காகிதம் பெரும்பாலும் கந்தைத் துணியிலிருந்து செய்யப்பட்டது. பின்னர் மரக்கூழ் வந்தது. மை ஊறிப் பரவாதிருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தார்கள். அப்படிகாரம் ஈரத்தோடு கூடி அமிலத்தை உண்டாக்கும். அமிலம் நார்களைச் சிறுகச் சிறுக அறுக்கும். அதனாலேதான் 200 ஆண்டுக் கந்தைத்தாள் வளைந்து கொடுக்க, 50 ஆண்டுச் செய்தித்தாள் விரல் பட்ட இடத்தில் உதிர்கிறது. வெப்பம் இவ்வேலையை விரைவுபடுத்தும். சித்திரை வெயிலில் கூரையடிப் பரண் எப்படிக் கொதிக்கும் என்பதை நம் சீமையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும்.

ஆகவே பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். வெளிச்சுவரை ஒட்டாமல், கரையான் எட்டாதபடி தரையினின்று உயர்த்தி, வீட்டின் குளிர்ந்த உள்ளறையில் வையுங்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அதன் அமிலம் கடிதத்திலும் ஏறும். துவைத்து உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணி நல்லது. அருப்புக்கோட்டைத் தறிகள் இருக்கும்போது துணிக்கா பஞ்சம்? ஆனால் கஞ்சி முற்றும் போயிருக்க வேண்டும்; இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சியும் பசையும் விருந்து. தஞ்சைச் சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை, கற்பூரம் ஆகியவற்றின் பொடியைத் துணியில் முடிந்து வைப்பது வழக்கம். பொடி தாளில் படலாகாது.

மடித்த தாளை வறண்ட கோடையில் வலிந்து பிரித்தால் மடிப்பிலே ஒடியும். மழைக்காலத்து மென்காற்றில் சற்றே நெகிழவிட்டுப் பிரித்து, நன்கு உலர்ந்த பின் தட்டையாக வையுங்கள். கிழிசலுக்குச் செல்லோ டேப் ஒட்டுவது கொடுமை. டேப் உரிந்து விழுந்தாலும் அதன் பழுப்புக் கறை எழுத்தின் மேலேயே நின்றுவிடும். கடையில் பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடேற்றி ஒட்டுவதும் அப்படித்தான்; பிறகு பிரிக்க வழியில்லை.

கைப்பேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். எழுதியவர் யார், கடிதத்தில் வரும் ‘சின்னவன்’ எவன் என்பதைப் பாட்டியிடம் இப்போதே கேட்டு, தனித்தாளில் பென்சிலால் குறித்து உடன் வையுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும்.