தாய்க்கோழியும் கொல்லைக் கூட்டமும்
தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில், பிள்ளைகளின் ஏட்டுக்கும் எழுதுகோலுக்கும் பணமாவது கொல்லைக் கோழியே. 21 நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள் பிற கோழிகளின் கொத்துப்பட்டு மடிவது எத்துணை இழப்பு!

குஞ்சுகளைத் தனியே வளர்த்துப் பின்னர்க் கூட்டத்தில் விடுவோர் உளர். அப்போது அவை அந்நியராய், காக்கத் தாயின்றித் தவிக்கும். ஆதலின் முதல் இரு வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்திலிட்டு, மற்றவை காணும்படி முற்றத்தில் வையுங்கள். பின்னர்த் தாயோடு மேயவிடுங்கள். நெருங்கும் கோழியைத் தாயே விரட்டும். குஞ்சுகள் மட்டும் நுழையத்தக்க கூடையின்கீழ்க் குருணை வையுங்கள். முதல் வாரத்திலேயே வெள்ளைக் கழிச்சலுக்குரிய சொட்டு மருந்தும் இடுவது நன்று.

6 முதல் 8 வாரத்தில் தாய் குஞ்சுகளைக் கொத்தி விலக்கும். அதற்குள் அவை கூட்டத்தில் தமக்குரிய இடத்தை அறிந்திருக்கும். உடனிருந்து பழக்கிய பின்னரே விலகுதல் தாய்மையின் முறைமையன்றோ?