மோட்டார் வண்டியின் குறையும் சொந்தக்காரரின் உரிமையும்

புத்தளத்திலிருந்து சிலாபத்தை நோக்கி வரும் பெருந்தெருவில், பாலாவிச் சந்தியிலே மேற்காகத் திரும்பினால், ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலுமாகக் கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டை அடையலாம். வழியில் உப்பளங்கள். அப்பால் நுரைச்சோலையும் தலவிலும். மீனும் வெங்காயமும் மிளகாயும் தேங்காயும் இந்தத் தெருவாலேதான் வெளியூர் போகின்றன. தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கும், முன்னேசுவரத்துக்கும், உடப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கும் அடியார்கள் கூட்டங்கூட்டமாக வருவதும் வான்களிலேதான். ஆகவே, இந்தக் கரையோரத்து மக்களுக்கு மோட்டார் வண்டி ஓர் ஆடம்பரப் பொருளன்று; பிழைப்புக்கு வேண்டிய ஒரு கருவி.

அந்தக் கருவி நடுவழியிற் பழுதானால் நாம் என்ன செய்கிறோம்? கராஜுக்குக் கொண்டு போகிறோம். "இது உப்புக் காற்றின் வேலை" என்கிறார் மெக்கானிக். "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்கிறார் விற்றவர். "நீ ஒழுங்காகப் பார்க்கவில்லை" என்று வீட்டிலுள்ளோர் சாரதியைக் கடிந்து கொள்கின்றனர். இம்மூன்றும் பல வேளைகளில் உண்மையே. ஆனால் நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. அதை நாம் பெரும்பாலும் நினைப்பதேயில்லை. தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட அன்றே அந்த வண்டியில் குறை இருந்திருக்கலாம் என்பதே அது.

நேயர்களே, மோட்டார் வண்டியின் பழுதுகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது நன்று. முதலாவது, தேய்வு. ரயரும் பிறேக்குக் கட்டையும் ஓட ஓடத் தேயத்தான் செய்யும். இரண்டாவது, பராமரிப்பின் குறை. எண்ணெய் மாற்றாது விடுவதும், உப்புப் படிந்த அடிப்பாகத்தை நன்னீரால் கழுவாது விடுவதும் இதில் அடங்கும். மூன்றாவது, பிறவிக் குறை. வரைந்தவர் பிழையாக வரைந்ததாலோ, செய்தவர் பிழையாகச் செய்ததாலோ, அந்த மாதிரியைச் சேர்ந்த வண்டிகள் யாவற்றிலும், அல்லது அவற்றுட் பலவற்றிலும், ஒரே இடத்தில் ஒரே குறை தோன்றுதல். முதல் இரண்டுக்கும் பொறுப்பாளி சொந்தக்காரர். மூன்றாவதற்குப் பொறுப்பாளி செய்தவர்.

இவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? ஒரேயொரு வண்டியை வைத்துக்கொண்டு அறிவது கடினம். கற்பிட்டியில் ஒருவருடைய வண்டியின் சில்லு கழன்றால் அது விபத்து. சிலாபத்தில் இன்னொருவருக்கும், குருநாகலில் வேறொருவருக்கும் அதே மாதிரி வண்டியில் அதே சில்லு கழன்றால், அது விபத்தன்று, குறை. ஆனால் இம்மூவரும் ஒருவரையொருவர் அறியார். மூவரின் முறைப்பாடுகளும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தால் மாத்திரமே உண்மை புலப்படும். சொந்தக்காரர் எழுதும் முறைப்பாட்டின் பெறுமதி இதுவே. அது அவருடைய நட்டத்துக்குப் பரிகாரம் தேடுவதோடு, முகமறியாத மற்றொருவரின் உயிரையும் காக்கின்றது.

குறையுள்ள வண்டிகளைச் செய்தவரே திரும்ப அழைத்துத் திருத்திக் கொடுக்கும் முறையை மீளழைப்பு என்கிறோம். ஐக்கிய அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு ரால்ஃப் நேடர் என்னும் சட்டத்தரணி, வண்டிகளின் அமைப்பிலேயே உள்ள ஆபத்துகளை எடுத்துக்காட்டி ஒரு நூல் வெளியிட்டார். விபத்தென்றால் சாரதியின் பிழை என்றே எண்ணிவந்த மக்களை அது விழிக்கச் செய்தது. அடுத்த ஆண்டிலேயே, 1966இல், வாகனப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று பிறந்தது. குறையைக் கண்டால் சொந்தக்காரருக்கு அறிவித்தல் வேண்டும் என்று அது விதித்தது. பணம் பெறாமலே திருத்திக் கொடுத்தலும் வேண்டும் என்ற விதி 1974இல் வந்து சேர்ந்தது. யப்பானில் மீளழைப்பு முறை 1969ஆம் ஆண்டு தொடங்கியது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு கட்டளையிடும் அதிகாரத்தை அரசாங்கத்துக்கு வழங்கியுள்ளது.

சட்டம் இருந்தால் மாத்திரம் போதாது என்பதற்கு யப்பானிலே நடந்த ஒரு துயர நிகழ்ச்சி சான்று. 2000ஆம் ஆண்டில், மிட்சுபிசி நிறுவனம் வாடிக்கையாளரின் முறைப்பாடுகளை இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசாங்கத்துக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தமை அம்பலமாயிற்று. குறைகள் அறிவிக்கப்படாமல், ஓசையின்றித் திருத்தப்பட்டு வந்தன. 2002ஆம் ஆண்டு ஜனவரி மாதம், யொக்கோகாமா நகரில், அந்நிறுவனம் செய்த பார ஊர்தி ஒன்றின் முன் சில்லு கழன்று உருண்டு, பிள்ளைகளோடு தெருவோரம் நடந்துகொண்டிருந்த இளந்தாயொருவரை மோதிக் கொன்றது. நிறுவனம் என்ன சொன்னது? வண்டியைச் சொந்தக்காரர் சரிவரப் பராமரிக்கவில்லை என்றது. ஈராண்டுகள் அப்பழி அவர்மேல் கிடந்தது. சில்லைத் தாங்கும் குடத்தின் அமைப்பிலேயே குறை இருந்ததென்று 2004ஆம் ஆண்டிலேதான் ஒப்புக்கொள்ளப்பட்டு, 1 இலட்சத்துக்கு மேற்பட்ட ஊர்திகள் மீளழைக்கப்பட்டன. "ஒழுங்காகப் பார்க்கவில்லை" என்ற சொல்லை ஆராயாமல் ஏற்றுக்கொள்ளலாகாது என்பதற்கு இதனிலும் பெரிய பாடம் வேண்டுவதில்லை.

இனி, நமது வெப்பத்துக்கும் ஈரக் காற்றுக்கும் நேரே சம்பந்தமுள்ள மற்றொரு குறையைப் பார்ப்போம். மோட்டார்க் காரின் சுக்கானுக்குள் ஒரு காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மோதல் நேர்ந்தவுடன், கண் இமைக்கும் நேரத்தினுள் அது ஊதி விரிந்து சாரதியின் தலையையும் மார்பையும் தாங்குகிறது. அதை ஊதுவிப்பது உலோகக் கூடொன்றில் அடைத்து வைத்துள்ள இரசாயன வில்லைகள். அவை எரிந்து வாயுவாகிப் பையை நிரப்புகின்றன. யப்பானின் தகாட்டா நிறுவனம் இவ்வில்லைகளுக்கு அமோனியம் நைத்திரேற்று என்னும் உப்பைப் பயன்படுத்தியது. ஆண்டுக்கணக்காகப் பகலின் வெப்பமும் இரவின் குளிர்ச்சியும் மாறிமாறித் தாக்க, ஈரலிப்பும் உட்புக, அவ்வில்லைகள் பொடியத் தொடங்கின.

பொடிந்தால் என்ன? உப்பளத்து மக்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு கல்லுப்பைத் தண்ணீரிற் போட்டால் மெல்லக் கரையும். அதையே பொடித்துப் போட்டால் உடனே கரைந்துவிடும். எரிதலிலும் அவ்வாறே. முழு வில்லை அளவோடு எரிகிறது. பொடிந்த வில்லை ஒரேயடியாக எரிந்து, உலோகக் கூட்டையே வெடிக்கச் செய்கிறது. அதன் சிதறல்கள் காப்பாற்ற வந்த பையைக் கிழித்துக்கொண்டு சாரதியின் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. உலகெங்கும் இவ்வாறு 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நமது தட்பவெப்பத்தை ஒத்த மலேசியாவிலும் சாவுகள் நேர்ந்தன. 2008ஆம் ஆண்டு சிறிதாகத் தொடங்கிய மீளழைப்பு, பின்னர் உலகளாவி ஏறத்தாழ 10 கோடி ஊதுகருவிகளைத் தொட்டது. 2017இல் தகாட்டா நிறுவனம் வங்குரோத்தாயிற்று. 2018ஆம் ஆண்டு அவுஸ்திரேலியா இந்த மீளழைப்பைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில், வெப்பமும் ஈரலிப்பும் மிகுந்த கரையோர மாநிலங்களுக்கே முதலிடம் கொடுக்கப்பட்டது. 2001 முதல் 2003 வரையிலான சில ஹொண்டா வண்டிகளின் ஊதுகருவிகளைச் சோதித்தபோது, வெடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது வரை இருக்கக் கண்டு, அவற்றை ஓட்டவே வேண்டாமென அந்நாட்டு அதிகாரிகள் 2016இல் எச்சரித்தனர்.

இக்குறைக்கு முன்னறிகுறி எதுவுமில்லை என்பதே இதன் கொடுமை. சத்தம் வராது, புகை வராது, கைதேர்ந்த மெக்கானிக்கும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. செய்தவர் அனுப்பும் அறிவித்தல் ஒன்றே சொந்தக்காரருக்குள்ள எச்சரிக்கை.

அந்த அறிவித்தல் நமக்கு வந்து சேருமா? நமது நாட்டில் ஓடும் கார்களுட் பெருந்தொகையானவை யப்பானில் சில காலம் ஓடி, அதன் பின் இங்கு இறக்குமதியானவை. மீளழைப்புக் கடிதம் பதிவேட்டிலுள்ள சொந்தக்காரரின் விலாசத்துக்குப் போகும். வண்டி கப்பலேறுமுன் யப்பானியப் பதிவு நீக்கப்படுகிறது. அதோடு அந்த விலாசமும் அற்றுப்போகிறது. புத்தளத்தில் அவ்வண்டியை வாங்கியவர் யாரென்று செய்தவர் அறியார். எடுத்துக்காட்டாக, 2013இல் யப்பானில் வெளிவந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் வண்டி, 2014 அக்டோபருக்குள் ஐந்து முறை மீளழைக்கப்பட்டது. நம் தெருக்களில் அந்த வண்டிகளை நாம் நிறையக் காண்கிறோம். அந்த ஐந்து திருத்தங்களும் தத்தம் வண்டிக்குச் செய்யப்பட்டனவா என்பதை எத்தனை சொந்தக்காரர் கேட்டறிந்திருப்பர்? மேலும், 2020 மார்ச் தொடக்கம் 2025 பெப்ரவரி வரை கார் இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், பழைய வண்டிகளே மேலும் ஐந்து ஆண்டுகள் மூப்படைந்து ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே, கடிதம் நம்மைத் தேடி வராதபோது நாமே அதைத் தேடிப் போதல் வேண்டும். அதற்குத் திறவுகோல், கராஜுகளிலே செசி நம்பர் என வழங்கும் அடிச்சட்ட இலக்கம். நமது நாட்டுப் பதிவிலக்கத்தால் இங்கே பயனில்லை. யப்பானியருக்கு அது தெரியாது. யப்பானின் உள்நாட்டு வண்டிகளுக்கு, உலகின் பிற இடங்களில் வழங்கும் 17 எழுத்திலக்கக் குறியீடு இராது. மாதிரியின் குறியும், அதன்பின் ஒரு சிறு கோடும், வரிசை இலக்கமுமே இருக்கும். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இதைக் காணலாம். அந்த இலக்கத்தை நிறுவனத்தின் யப்பானிய இணையப் பக்கத்திலே இட்டுப் பார்க்கலாம். அல்லது இந்நாட்டு முகவரிடம் எழுத்து மூலம் கேட்கலாம். திருத்தம் பாக்கியிருப்பின், முகவர் அதைக் கட்டணமின்றிச் செய்து தருவாரா என்பதையும் எழுத்திலேயே கேட்டுப் பெறுதல் நன்று. பழைய வண்டியிலிருந்து கழற்றிய காற்றுப்பையை மலிவென்று எண்ணி வாங்கிப் பூட்டுதல் கூடாது. அதே குறையை விலை கொடுத்து வாங்கியதாக முடியலாம்.

வாங்கிய வண்டி, விற்றவர் கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாக இருந்தால் என்ன செய்வது? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வாங்குவோருக்குச் சில காப்புகளை அளிக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், வெளிப்படையாகவோ குறிப்பாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப்பற்றி அந்தச் சபைக்கு முறையிடலாம். விசாரணையின் பின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடச் சபைக்கு அதிகாரமுண்டு. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதத்துள் கொடுத்தலும் வேண்டும். "இன்று பார்ப்போம், நாளை பார்ப்போம்" என்ற வாக்குறுதிகளை நம்பிக் காலத்தைப் போக்குவோர் இந்த எல்லையைக் கடந்துவிடுகின்றனர்.

முறைப்பாட்டை எழுதும் முறையும் உண்டு. கோபத்தை எழுதுவதாற் பயனில்லை. வண்டியின் மாதிரி, செய்த ஆண்டு, அடிச்சட்ட இலக்கம், பழுது தோன்றிய திகதி, அப்போது ஓடியிருந்த கிலோமீற்றர், ஒவ்வொரு முறையும் கராஜில் செய்த வேலை, அதற்கான பற்றுச்சீட்டு ஆகியவற்றை வரிசையாக எழுதுதல் வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை எறிந்துவிடாமல் வைத்திருத்தல் வேண்டும். உப்புக் காற்றுள்ள ஊரில் வாழ்வோர், வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவிய திகதிகளையும் பிறேக்குக் குழாய்களைப் பார்வையிட்ட திகதிகளையும் குறித்து வைத்தால், பராமரிப்பில் குறையில்லை என்பதற்கு அதுவே சாட்சியாகும். ஒரு சிறு கொப்பியும் பேனாவும் இதற்குப் போதும்.

கடலிற் போகுமுன் தோணியின் அடிப்பலகையைத் தட்டிப் பார்ப்பது இக்கரையோர மக்களின் நெடுங்கால வழக்கம். தச்சன் விட்ட பிழையா, கடல் அரித்த அரிப்பா என்பதைத் தட்டும் ஓசையிலேயே அறிந்துகொள்ளும் முதியோர் நம்மிடையே உளர். மோட்டார் வண்டி அத்தகைய ஓசை எதையும் தருவதில்லை. அதனுடைய குறையை அறியக் கேட்டுப் பார்த்தலும், எழுதி வைத்தலும், அயலவருக்குச் சொல்லுதலுமே வழி. அடுத்த திருவிழாவுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்படுமுன், பதிவுப் புத்தகத்தை எடுத்து அந்த அடிச்சட்ட இலக்கத்தை ஒருமுறை விசாரித்து விடுங்கள்.